தூண்டலா, முதல் அறிகுறியா? இருமுனைக் கோளாற்றில் நோய்க்கட்டத்தின் தொடக்கம்

இருமுனைக் கோளாற்றில் மேனியா எனப்படும் மிகையெழுச்சிக் கட்டங்களும் மனச்சோர்வுக் கட்டங்களும் வந்து போகின்றன. இடையே மாதக்கணக்கிலோ ஆண்டுக்கணக்கிலோ அமைதியான காலமும் உண்டு. அந்த அமைதி எதனால் குலைகிறது என்று கேட்டால் சாவு, இழப்பு, குடும்பச் சண்டை என்று துயரங்களையே பட்டியலிடுவது வழக்கம். மேனியாவைப் பொறுத்தவரை இந்த விடை பாதியளவும் தேறாது. நிகழ்வு இன்பமானதா துன்பமானதா என்பதைவிட, அது உறக்கத்தையும் நாளின் ஒழுங்கையும் என்ன செய்தது என்பதே பெரிய கேள்வி.

அமெரிக்க மனநல ஆய்வாளர் தாமஸ் வேரும் உடனாய்வாளர்களும் 1987இல் முன்வைத்த கருத்து இதற்கு அடிப்படை. துக்கம், பிரசவம், பயணம், மருந்து எனத் தூண்டல்கள் பலவாயினும் அவை உறக்கக் குறைவு என்ற ஒரே வாசல் வழியாகவே மேனியாவுக்குள் நுழைகின்றன என்றனர் அவர்கள். மேனியா மேலும் உறக்கத்தைக் குறைக்கும். குறைந்த உறக்கம் மேனியாவை வளர்க்கும். ஆனால் இதை இயந்திர விதியாகக் கொள்ளக் கூடாது. மனச்சோர்விலிருந்த இருமுனை நோயாளிகள் 206 பேரைச் சிகிச்சையாகவே இரவு முழுவதும் விழித்திருக்கச் செய்த இத்தாலிய ஆய்வொன்று 1999இல் வெளிவந்தது. அவர்களில் மேனியாவுக்கு மாறியோர் ஏறத்தாழ 5 விழுக்காட்டினர்; அதன் இலேசான வடிவத்துக்கு மாறியோர் 6 விழுக்காட்டினர். அதாவது, ஒருவரைச் சாய்க்கும் விழிப்பு இன்னொருவரை ஒன்றும் செய்வதில்லை. தூண்டல் என்பது ஆளுக்கு ஆள் வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து மருத்துவமனைக்கு அனுப்பப்பட்ட பயணிகளைப் பற்றிய 1982ஆம் ஆண்டு ஆய்வும் கவனத்துக்குரியது. கிழக்கிலிருந்து மேற்கே பறந்தவர்களிடம் மனச்சோர்வும், மேற்கிலிருந்து கிழக்கே பறந்தவர்களிடம் மிகையெழுச்சியும் கூடுதலாகக் காணப்பட்டன. கிழக்கு நோக்கிய பயணத்தில் இரவு சுருங்குகிறது என்பதை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும்.

எழும் நேரம், உண்ணும் நேரம், வேலைக்குக் கிளம்பும் நேரம் ஆகியவை உடலின் உட்கடிகாரத்தைத் திருத்தி வைக்கும் சமூக மணிகள் என்ற கோட்பாட்டை எலன் ஃபிராங்க், டேவிட் கூப்ஃபர் உள்ளிட்டோர் 1988இல் வகுத்தனர். இந்த ஒழுங்கைக் குலைக்கும் நிகழ்வுகள் மேனியாவுக்கு முந்திய வாரங்களில் மிகுந்திருந்ததையும், மனச்சோர்வுக்கு முன் அப்படி இல்லாததையும் பத்தாண்டுகளுக்குப் பின் வந்த ஆய்வொன்று காட்டியது. ஷெரி ஜான்சனின் ஆய்வுகள் இன்னொரு திசையைத் திறந்தன. தேர்வில் வெற்றி, பதவி உயர்வு போல இலக்கை எட்டிய நிகழ்வுகளுக்குப் பிறகு மேனியா அறிகுறிகள் கூடுகின்றன. மனச்சோர்வு அறிகுறிகள் கூடுவதில்லை. கல்யாண வீடு இவ்விரண்டும் ஒருங்கே கூடும் இடம்: மகிழ்ச்சியும் உண்டு, விடிய விடிய விழிப்பும் உண்டு.

சில தூண்டல்கள் நேரடியாக உடல்வழிப்பட்டவை. மனநிலையைச் சமன்படுத்தும் லித்தியம் என்ற மருந்தைத் திடீரென நிறுத்துவது, அத்தகைய மருந்தின் துணையின்றி மனச்சோர்வு மருந்தைத் தனியாக எடுப்பது, ஸ்டீராய்டு ஆகியவை இவ்வகை. பிரசவமும் இதில் சேரும். இருமுனைக் கோளாறுள்ள தாய்மாரில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்குப் பேறுகாலத்தை ஒட்டிக் கடும் நோய்க்கட்டம் வருகிறது.

தூண்டலே இல்லாமல் வரும் கட்டங்களை எப்படி விளக்குவது? ஜெர்மானிய மருத்துவர் எமில் கிரேப்பெலின் ஒரு பெண்ணைப் பற்றி எழுதியிருக்கிறார். முதலில் கணவன் இறந்தபோதும், அடுத்து நாய் இறந்தபோதும், பின்னர் புறா இறந்தபோதும் அவள் மனச்சோர்வில் வீழ்ந்தாள். முதற்கட்டங்களுக்குப் பெரிய அடி வேண்டும், பின்வருபவற்றுக்குச் சிறு பொறி போதும், கடைசியில் அதுவும் வேண்டியதில்லை என்ற கனல்மூட்டல் கோட்பாட்டை ராபர்ட் போஸ்ட் 1992இல் விரித்துரைத்தார். பிந்தைய ஆய்வுகள் இதை ஒருமுகமாக ஏற்கவில்லை. ஆயினும் தூண்டல் இல்லை என்பதும், கண்ணில் படாத அளவுக்குச் சிறுத்துவிட்டது என்பதும் ஒன்றல்ல என்ற எச்சரிக்கை இன்றும் செல்லும்.

இதைவிடக் கடினமான சிக்கல் காலவரிசை. மூன்று நாள் உறங்காததால் மேனியா வந்ததா, மேனியா வரத் தொடங்கியதால் உறக்கம் போனதா? கடன் வாங்கித் தொழில் தொடங்கியது தூண்டலா, அறிகுறியா? நோய் கடந்தபின் நினைவைக் கேட்டால் அது காரணம் தேடிக் கதை கட்டிவிடும். உறங்கிய நேரம், மனநிலை, மருந்து, அன்றைய நிகழ்வு ஆகியவற்றை அன்றன்றே குறித்துவைக்கும் வாழ்க்கைப் பதிவேடு இங்கேதான் பயன்படுகிறது. எது முந்தியது என்பதைப் பல கட்டங்களின் பதிவுகளை ஒப்பிட்டால்தான் சொல்ல முடியும்.

முதல் அறிகுறியைக் கண்டதும் மருத்துவரை நாட நோயாளிகளைப் பழக்கிய ஆங்கில ஆய்வொன்று 1999இல் வெளிவந்தது. பங்கேற்றோர் 69 பேர். பழக்கப்படாத குழுவில் கால்வாசிப் பேருக்கு 17 வாரங்களுக்குள் மேனியா திரும்பியது. பழக்கப்பட்ட குழுவில் அந்த அளவை எட்ட 65 வாரங்கள் ஆயின. மனச்சோர்வு திரும்புவதில் மட்டும் மாற்றமில்லை. மேனியாவின் வருகையை உறக்கக் குறைவு காட்டிக்கொடுக்கிறது. மனச்சோர்வோ பெரும்பாலும் ஓசையின்றி, நாள் குறிக்க இடந்தராமல் படிகிறது.