கொட்டாங்குச்சிக் கரியும் சோசூரும்

புதுச்சேரியில் எங்களுக்கு ரசாயனப் பாடம் பிரெஞ்சில்தான். நிலக்கரிக்கும் அடுப்புக்கரிக்கும் 'ஷர்போன்' என்ற ஒரே சொல். அடுப்புக்கரி என்றால் 'ஷர்போன் த புவா' என்று வால் சேர்க்க வேண்டும். வாலை விட்டுவிட்டு மதிப்பெண் இழந்தவன் நான்.

போன வாரம் பேத்தி கேட்டாள்: "தாத்தா, கரியமில வாயுவைப் பிடிக்கக் கரியையே உபயோகிக்கிறாங்களாமே?"

இது புதுச் சங்கதி இல்லை. 1777இலேயே இத்தாலியர் ஃபெலிச்சே ஃபொன்தானா, கனன்ற கரித்துண்டைப் பாதரசத்தில் அமுக்கி அணைத்து, வாயு நிரம்பிய குழாய்க்குள் விட்டார். வாயு குறைந்தது, பாதரசம் மேலேறியது. கரி வாயுவை இழுத்துக்கொண்டது!

எந்த வாயுவை எவ்வளவு இழுக்கிறது என்று கணக்கெடுத்தவர் ஜெனீவாக்காரர் தெயோதோர் த சோசூர். 1814இல் அச்சான அவருடைய அட்டவணை, குமாஸ்தாவாகவே காலம் தள்ளிய எனக்கு ரொம்பப் பிடித்தமானது. ஒரு பங்கு மரக்கரி ஹைட்ரஜனை 1.75 பங்கும், நைட்ரஜனை 7.5 பங்கும், ஆக்சிஜனை 9.25 பங்கும் ஏற்றது. கரியமில வாயுவையோ 35 பங்கு! அனல்மின் நிலையப் புகையில் பெரும்பகுதி நைட்ரஜன்தான். அதிலிருந்து கரியமில வாயுவை மட்டும் பிரிக்க முடியும் என்ற இன்றைய நம்பிக்கைக்கு வேர் இந்த வித்தியாசத்தில் இருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், செடியின் உடம்பிலுள்ள கரி காற்றின் கரியமில வாயுவிலிருந்து வருகிறது என்று 1804இல் புத்தகம் எழுதி நிறுவியவரும் இதே சோசூர்தான். அவர் காலத்துக் காற்றில் அந்த வாயு பத்து லட்சத்தில் சுமார் 280 பங்கு. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது.

கரி வாயுவைக் குடிப்பதில்லை. தன் துளைகளின் சுவரில் ஒட்ட வைத்துக்கொள்கிறது. நன்றாகப் பக்குவப்படுத்திய கரி ஒரு கிராமில் ஆயிரம் சதுர மீட்டர் பரப்பு கூட இருக்கும். கரியமில வாயுவுக்கு ஒரு நானோமீட்டருக்கும் குறைவான துளைகளே தோது. அதற்காகக் கரியைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடோடு கலந்து 700, 800 டிகிரியில் சுடுகிறார்கள். மூலப்பொருள்களில் ஒன்று நம்ம கொட்டாங்குச்சி! இஸ்திரிப் பெட்டியில் போட்டு ஊதினோமே, அதேதான்.

சிக்கலும் உண்டு. புகைபோக்கியில் சூடும் நீராவியும் அதிகம். சூட்டில் பிடி தளர்கிறது, ஈரம் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஆனால் அந்தத் தளர்ச்சியே உபகாரமும் கூட: நிறைந்த கரியைச் சூடாக்கினால் வாயு வெளியேறும், கரியை மறுபடி உபயோகிக்கலாம்.

"வெளியேறினதை எங்க வைப்பாங்க?" என்றாள் பேத்தி. வடகடலுக்கு அடியில் நார்வேக்காரர்கள் 1996 முதல் பாறைக்குள் செலுத்தி வருவதைச் சொன்னேன். அது இயற்கை எரிவாயுவிலிருந்து பிரித்தது, கரி பிடித்ததல்ல என்பதையும் சொன்னேன். "அப்போ கரி பிடிச்சது?" என்றாள்.


அதற்கும் பாறைக்கடியில்தான் இடம் பார்க்க வேண்டும் என்றேன். அவளுக்குத் திருப்தியில்லை. எனக்கும்தான்.