கேலன் சிரை விகாரம்: கர்ப்பகாலப் பட நிர்ணயம்

மூளையின் தமனிகள் சில, இடையிலே இருக்கவேண்டிய நுண்ணிய குழாய்களின் வலையைக் கடவாமல், நேரே ஒரு சிரைக்குள் இரத்தத்தைக் கொட்டுவதனால் அச்சிரை பெரும் பையாக வீங்கி நிற்கும் பிறவிக் கோளாறே கேலன் சிரை விகாரம். கர்ப்பத்தின் 6-ஆம் வாரத்துக்கும் 11-ஆம் வாரத்துக்கும் நடுவே உருவாகும் இதில் வீங்குவது, பெயரிலுள்ள கேலன் சிரையன்று, வளர்ச்சியின் போக்கில் மறைந்திருக்கவேண்டிய மார்கோவ்ஸ்கி சிரையே என்று 1989-ல் ரேபோவும் அவர் சகாக்களும் எடுத்துக்காட்டினர். மிக அபூர்வமான வியாதி இது. இவ்வளவு முன்னதாகத் தோன்றியும் பெரும்பாலும் கடைசி மூன்று மாதங்களிலேதான் ஸ்கேனில் புலப்படுகிறதாகையால், ஐந்தாம் மாதத்து ஸ்கேன் நன்றாயிருந்தது என்பதைக் கொண்டு இதனை விலக்கிவிட முடியாது.

சாதாரண ஸ்கேனில், தாலமஸுக்குப் பின்னே, நடுக்கோட்டில், நீர் நிறைந்தாற்போன்ற கரிய நீள்குழி ஒன்றும், அதிலிருந்து பிடரியை நோக்கி நீளும் வால் ஒன்றும் தென்படும். நீர்க்கட்டியும் ஏறக்குறைய இப்படியே தோன்றுமாதலால், வண்ண டாப்ளரை வைத்து உள்ளே இரத்தம் சுழன்றோடுகிறதா என்று பார்த்த பின்பே நிர்ணயம் உறுதிப்படும். ஆனால் தலையோடு பரிசோதனையை நிறுத்திக்கொள்வது பாதி வேலையே ஆகும். ஹிருதயம் பருத்திருக்கிறதா, அதன் மூவிதழ் வால்வு கசிகிறதா, கழுத்து நாளங்கள் விரிந்திருக்கின்றனவா, உடலில் நீர் கோத்திருக்கிறதா என்பனவற்றையும் பார்த்தாக வேண்டும்.

காரணம் இது: கர்ப்பத்தில் நஞ்சுக்கொடியும் தடையின்றி இரத்தத்தை ஏற்றுக்கொள்வதனால், மூளை விகாரம் இழுக்கும் அளவு ஒருவாறு மட்டுப்பட்டிருக்கிறது, பிறந்து தொப்புள்கொடி அறுபட்டவுடனே, இரு மதகுகளில் ஒன்றை அடைக்க மற்றதில் வெள்ளம் மிகுவதுபோல, இரத்தம் மூளைப் பக்கமே பாய்ந்து, சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ ஹிருதயம் சோர்ந்துவிடக்கூடும். ஆகவே, கர்ப்பத்தில் ஹிருதயம் தாக்குப்பிடிக்கிறது என்பது பிற்பாட்டுக்கு அபயமளிப்பதன்று.

பிறந்தபின் நேரக்கூடியதை முன்கூட்டியே மதிப்பிடுவதற்குத்தான் எம்.ஆர்.ஐ. பயன்படுகிறது. நாளங்களைப் படத்தில் துலக்கிக் காட்டும் காடோலினியம் ஊசி கர்ப்பிணிகளுக்குத் தவிர்க்கப்படுவதாயினும், அது இங்கே அவசியமுமில்லை. அசையும் சிசுவையும் விரைவுப் படங்களால் பிடித்துவிடலாம், வேகமாக ஓடும் இரத்தம் தானே கருநிழலாய்த் தெரியும். எனினும் நாளங்களைவிட மூளைத் திசுவைக் காட்டுவதே இதன் பெரும்பேறு எனல் வேண்டும். திசு முன்னமே கரைந்து நலிந்திருந்தால், பின்னர் நாளத்தை அடைப்பதனால் கிட்டும் பலன் சொற்பமே.

பாரிஸை அடுத்த பிசேத்ர் மருத்துவமனையில் லாஸ்ஜோனியாஸ் குழுவினர் வகுத்த 21 புள்ளி அளவுகோல், பிறந்த சிசுவின் ஹிருதயம், மூளை, நுரையீரல், கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றைப் பார்த்தே சிகிச்சைக்குரிய தருணத்தைத் தீர்மானிப்பது. கருவிலிருக்கும் சிசுவுக்கு அது உதவாது. அதற்கு ஈடாகக் கிடைத்திருப்பது, பையிலிருந்து இரத்தத்தை வெளிக்கொண்டுபோகும் சைனஸ் என்னும் சிரைக்கால்வாயின் அகலம். அது விரிந்திருக்க விரிந்திருக்க, பிறந்தவுடன் ஆபத்து நேரும் சாத்தியம் மிகுகிறது. 2023 மார்ச்சில் பாஸ்டன் நகர வைத்தியர்கள், 34 வாரச் சிசு ஒன்றுக்கு, ஸ்கேனில் பார்த்தபடியே கருப்பையினூடே ஊசி செலுத்தி, விகாரத்தினுள் உலோகச் சுருள்களை இட்டு ஓட்டத்தைத் தணித்தனர்; பிறந்த பின் அச்சிசுவின் ஹிருதயத்துக்கு மருந்து தேவைப்படவில்லை. அச்சிகிச்சைக்கு உரியோரைத் தேர்ந்தெடுக்கும் விதிகளிலே, எம்.ஆர்.ஐ. படத்தில் அளந்த அந்த அகலமும், மூளைத் திசு பெரிதும் கெட்டிராமையும் இடம்பெற்றிருந்தன.