பேய்க்கண்ணும் டச்சிங் பிரஷ்ஷும்

வீட்டு நாயை ராத்திரியில ஃப்ளாஷ் போட்டு எடுத்திருக்கீங்களா? கண்ணு இருக்க வேண்டிய இடத்துல ரெண்டு பச்சை பல்பு எரியும். "அய்யே, பேய் மாதிரி இருக்கு"ன்னு ஒதுக்கிடுவோம். இந்தப் பேய்க்கண்ணுக்கு நூறு வருஷத்துக்கு மேல சரித்திரம் இருக்குங்க.

முதல்ல காரணம். நாய், பூனை, மாடு, மான் இதுங்களுக்கு விழித்திரைக்குப் பின்னாடி கண்ணாடி மாதிரி ஒரு படலம் உண்டு. பேரு டபீட்டம் லூசிடம். உள்ளே போன வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பி இருட்டுல பார்க்க உதவும். மனுஷனுக்கு அது கிடையாது. நம்ம கண்ணுல தெரியற சிவப்பு, விழித்திரைக்குப் பின்னாடி இருக்கற ரத்தத்தோட நிறம்.

ஆரம்பத்துல இந்த மினுக்கம் வேண்டிய விஷயமாவே இருந்துச்சு. அமெரிக்காவுல ஜார்ஜ் ஷைராஸ் ராத்திரி படகுல விளக்கோட போய், மின்னுற கண்ணை வச்சுத்தான் மானைக் கண்டுபிடிப்பார். அவரோட 74 படங்களை நேஷனல் ஜியாகிரஃபிக் 1906 ஜூலையில போட்டுச்சு. நம்ம நாட்டுல வனத்துறை அதிகாரி எஃப்.டபிள்யூ. சாம்பியன், புலி தடுக்கினா ஃப்ளாஷ் அடிக்கிற மாதிரி கம்பி கட்டி படம் எடுத்து, 1927ல புத்தகமாவே போட்டார்.

அப்புறம் எப்படி இது குறையாச்சு? ஸ்டுடியோவுல லைட் பக்கவாட்டுல இருக்கும், மினுக்கம் வராது. 1963ல வந்த கோடாக் இன்ஸ்டமாட்டிக் மாதிரி சின்ன கேமராக்கள்ல ஃப்ளாஷ் லென்ஸுக்குப் பக்கத்துலயே உட்கார்ந்துச்சு. போன வெளிச்சம் நேரா லென்ஸுக்கே திரும்பிடுச்சு.

எங்க கண்டமங்கலத்துக்கு ஒரு பக்கம் விழுப்புரம், மறுபக்கம் புதுச்சேரி. போட்டோன்னா இந்த ரெண்டு ஊர் ஸ்டுடியோதான். சரி பண்றதுக்குப் பேரு 'டச்சிங்'. முகத்துல சுருக்கம்னா நெகட்டிவ்ல பென்சில் போதும். கண் மினுக்கத்துக்கு அது ஆகாது. நெகட்டிவ்ல வெளிச்சம் கறுப்பா இருக்கும், மேல பென்சில் வச்சா பிரிண்ட்ல இன்னும் வெளுக்கும். அதனால நுனி பிரஷ்ஷால ஒவ்வொரு பிரிண்ட்லயும் தனித்தனியா மை வைக்கணும். கொஞ்சம் அதிகமானா கண்ணு பொத்தல் ஆயிடும். அந்தக் காலத்துத் தமிழ் ஸ்டுடியோ படங்களை, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தோட உதவியில டிஜிட்டல் ஆக்கியிருக்கு.

கம்ப்யூட்டர் வந்தப்பவும் நாய்க்கு விடிவு இல்லை. 2005ல வந்த போட்டோஷாப் சிஎஸ்2ல இருந்த 'ரெட் ஐ' கருவி சிவப்பைத் தேடித்தான் அழிக்கும். பச்சையும் மஞ்சளும் அதுக்குக் கண்ணே இல்லை! செல்லப்பிராணிக்குன்னு 'பெட் ஐ' வசதி 2013ல போட்டோஷாப் எலிமெண்ட்ஸ் 12லயும், 2015ல லைட்ரூம்லயும் வந்துச்சு. அது என்ன செய்யும்? மினுக்கத்து மேல கறுப்பு வட்டம், வேணும்னா ஒரு வெள்ளைப் புள்ளி. வட்டம் பெருசானா கருவிழியோட நிறமும் போயிடும். பார்த்தா பொம்மைக் கண்ணு.

நாய் இருக்கறது பத்துப் பதினஞ்சு வருஷம். அப்புறம் அந்தப் படம்தான் மிச்சம். அதுல வேற நாயோட கண்ணு இருந்தா என்ன லாபம்?

அதனால திருத்துறதுக்கு முன்னாடி ஒரிஜினலை ஒரு காப்பி எடுத்து வச்சுக்குங்க. பகல்ல எடுத்த படத்தைப் பக்கத்துல வச்சுக்கிட்டு, கருவிழி நிறத்தைப் பார்த்துத் திருத்துங்க. அடுத்த தடவை ஃப்ளாஷை அணைச்சிட்டு ஜன்னல் ஓரமா உட்கார வைங்க. டச்சிங்கே வேண்டாம்.