தொப்பையும் லைட் பியரும்

பியர்னாலே தொப்பைதான்னு சொல்றவங்க கவனிக்க! ஈஸ்ட் தின்னாமல் விட்டுவைக்கும் மாவுச்சத்துதான் பியரில் தங்குது. நியூயார்க் ரைன்கோல்ட் ஆலையின் உயிர்வேதியியலாளர் ஜோசப் ஓவேட்ஸ் ஒரு நொதியை விட்டு அதை உடைத்தார். ஈஸ்ட் மிச்சத்தையும் தின்று தீர்த்தது. 1967-ல் வந்த 'கேப்லிங்கர்ஸ் டயட் பியர்' படுத்துக்கொண்டது. 'டயட்'னு பேர் வச்சா எந்த ஆம்பளை வாங்குவான்? அதே சங்கதியை மில்லர் கம்பெனி 'லைட்'னு 1975-ல் அமெரிக்கா முழுக்க இறக்கி, விளையாட்டு வீரர்களை வச்சு விளம்பரம் பண்ணிச்சு. பிச்சிக்கிச்சு!

நான் போட்ட கணக்கையும் பாருங்க மக்களே. மில்லர் லைட் 355 மில்லியில் 96 கலோரி, மாவுச்சத்து 3.2 கிராம், அதாவது 13 கலோரிதான். மிச்சத்தில் பெரும்பங்கு ஆல்கஹால். மாவு போச்சு, மப்பு போகலை. இன்சுலின் போடுறவங்களுக்கு அந்த ஆல்கஹாலே சர்க்கரையை ஆபத்தான அளவுக்குக் கீழே தள்ளிடலாம். பார்த்துக்குங்க.