உரத்த குரலும் உண்மையான அவசரமும்

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். மென்பொருள் உதவிச் சேவையிலும் பல வேளைகளில் இதுதான் நடக்கிறது. அதிகம் சத்தம் போடும் பயனீட்டாளரின் கோரிக்கை முதலிடம் பிடிக்கிறது. அமைதியாகக் காத்திருப்பவரின் குறை பின்னுக்குப் போகிறது. இந்தப் பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு, 2024-ஆம் ஆண்டில் வெளிச்சத்திற்கு வந்த ஒரு சம்பவம் நல்ல பாடமாகும்.

'எக்ஸ்-இசட்' என்பது கோப்புகளைச் சுருக்கவும் விரிக்கவும் உதவும் சிறிய மென்பொருள். லினக்ஸ் இயங்குதளத்தைப் பயன்படுத்தும் எண்ணற்ற கணினிகளில் இது இடம்பெற்றுள்ளது. பின்லாந்து நாட்டின் லாசே கோலின் இதனைப் பல ஆண்டுகளாகப் பராமரித்து வந்தார். அதற்காக அவருக்குச் சம்பளம் கிடையாது. ஓய்வு நேரத்தில் செய்த பணி அது.

2021-ஆம் ஆண்டின் இறுதியில் 'ஜியா டான்' என்ற பெயரில் ஒருவர் இந்த மென்பொருளுக்குத் திருத்தங்களை அனுப்பத் தொடங்கினார். 2022-இல் வேறு சில பெயர்களில் புகார் மின்னஞ்சல்கள் வந்தன. திருத்தங்கள் ஏன் தாமதமாகின்றன, பொறுப்பை வேறொருவரிடம் ஏன் ஒப்படைக்கக்கூடாது என்று அவை நெருக்கின. தமக்கு நீண்டகாலமாக மனநலச் சிக்கல் இருப்பதையும், இது ஊதியமில்லாத பணி என்பதையும் கோலின் பணிவோடு எடுத்துச் சொன்னார். அதன் பிறகும் நெருக்குதல் ஓயவில்லை. உதவிக்கு நின்ற ஜியா டானின் கைக்குப் பொறுப்பு படிப்படியாகச் சென்றது.

2024 பிப்ரவரியில் வெளிவந்த 5.6.0 பதிப்பில், வெளியாள் கணினிக்குள் நுழைவதற்கான ரகசியக் கதவு ஒன்று மறைத்து வைக்கப்பட்டிருந்தது. மைக்ரோசாஃப்ட் பொறியாளர் ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்ட், கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட ஏறக்குறைய அரை விநாடி கூடுதலாவதைக் கவனித்தார். காரணத்தைத் தேடிப்போய் அந்தக் கதவைக் கண்டுபிடித்தார். மார்ச் 29-ஆம் தேதி அதனை உலகிற்கு அறிவித்தார். அதன் அபாயத்திற்கு 10-க்கு 10 புள்ளி வழங்கப்பட்டது. பெரும்பாலும் சோதனைப் பதிப்புகளோடு அது தடுக்கப்பட்டது பெரும் அதிர்ஷ்டம். நெருக்கிய அந்தப் பெயர்கள் போலியானவை என்றே ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

கூச்சலிட்ட கோரிக்கையில் உண்மையான அவசரம் இல்லை. உண்மையான அவசரமோ யாரும் பொருட்படுத்தாத அரை விநாடியில் ஒளிந்திருந்தது. எனவே கோரிக்கைகளை வரிசைப்படுத்த, கேட்பவரின் குரலை அளவுகோலாகக் கொள்ளலாகாது. பாதுகாப்புக் குறைபாடும் தகவல் இழப்பும் முதலில் வரவேண்டும். பலரின் வேலையை முடக்கும் பழுது அடுத்தது. ஒருவருக்கு ஏற்படும் சிறு சிரமம் அதற்கும் அடுத்தது. புதிய வசதி கேட்பவர் காத்திருக்கலாம். எவ்வளவு நாள் ஆகும் என்பதை மட்டும் அவருக்குத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

பயனீட்டாளருக்கும் கடமை உண்டு. என்ன பழுது, எப்போது ஏற்பட்டது, அதனால் எந்த வேலை நின்றது என்று விளக்கினாலே பாதி வேலை முடிந்துவிடும். இலவச மென்பொருளால் பலன் பெறும் நிறுவனங்கள், அதைத் தனியாளாகத் தாங்கி நிற்பவருக்குப் பொருளாலும் ஆளாலும் கைகொடுக்க வேண்டும். களைத்துப் போனவரை மேலும் விரட்டினால், வீட்டுச் சாவி யார் கைக்குப் போகும் என்பது யாருக்கும் தெரியாது.