நாக்கா, நம்பரா? கறுப்பு ஸ்டௌட்டுக்கு மார்க் போட்ட கதை

(பாட்காஸ்ட் எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகத் திருத்தப்பட்டது.)

இன்னைக்கு ஒரு கேள்வியோட ஆரம்பிக்கிறேன். உங்க முன்னாடி ஒரு கிளாஸ் ஸ்டௌட் இருக்கு. கன்னங்கரேல்னு பியர், மேல பழுப்பு நுரை. விலை சாதா பியரைவிட அதிகம். லேபிள்ல ‘கிராஃப்ட்’, ‘ரோபஸ்ட்’னு பெரிய எழுத்து. இது நல்ல ஸ்டௌட்டா, சுமாரான ஸ்டௌட்டா? எப்படிக் கண்டுபிடிப்பீங்க?

“குடிச்சுப் பார்த்தா தெரிஞ்சிடும்”னு சொல்வீங்க. நியாயமான பதில்தான். ஆனா கடந்த 250 வருஷத்துல இந்தப் பதில் பலமா அடி வாங்கியிருக்கு. ஒரு தடவை அந்த அடியில விஷமே கலந்திருந்தது. நாக்கை நம்பலாமா, நம்பரை நம்பலாமாங்கிற சண்டை ஸ்டௌட் வரலாறு முழுக்க ஓடுது. அதுதான் இன்னைக்குக் கதை.

குடிக்காதவங்களும் தாராளமா கேட்கலாம். கடைசியில ஃபில்டர் காபி வச்சு ஒரு சோதனை இருக்கு.

பேர்ல கறுப்பு இல்ல

முதல்ல ஒரு தெளிவு. ‘ஸ்டௌட்’ங்கிற சொல்லுக்கும் கறுப்பு நிறத்துக்கும் ஆரம்பத்துல சம்பந்தமே இல்ல. 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துல அதுக்கு ‘பலமான பியர்’னுதான் அர்த்தம். வெளிர் நிற ஸ்டௌட்டும் அப்போ இருந்தது.

அந்தக் காலத்துல லண்டனைக் கட்டி ஆண்ட பியருக்குப் பேர் போர்ட்டர். தெருவுலயும் தேம்ஸ் நதிக்கரையிலயும் மூட்டை தூக்கின போர்ட்டர்கள் விரும்பிக் குடிச்சதால அந்தப் பேர். அதுல பலமான வகை ‘ஸ்டௌட் போர்ட்டர்’. காலப்போக்குல பின்பாதி உதிர்ந்து வெறும் ‘ஸ்டௌட்’ நின்னுடுச்சு.

போர்ட்டருக்கு நிறம் கொடுத்தது பழுப்பு மால்ட். பார்லியை ஊறவச்சு, முளைகட்டி, உலர்த்தினா அது மால்ட். விறகு நெருப்புல நல்லா சூடேத்திக் காய வச்சா அது பழுப்பு மால்ட். அன்னைக்கு ஒரு சுமை தூக்கறவர் போர்ட்டருக்கு மார்க் போட்ட விதம் ரொம்ப எளிமை: நிறம் இருக்கா, கசப்பு இருக்கா, ஏறுதா? மூணும் இருந்தா நல்ல போர்ட்டர்.

ஹைட்ரோமீட்டர் கொண்டுவந்த கெட்ட செய்தி

பால் டிப்போவுல லாக்டோமீட்டர் பார்த்திருப்பீங்க. பாலுக்குள்ள மிதக்க விட்டா தண்ணி கலந்திருக்கான்னு காட்டிக்கொடுக்கும். ஹைட்ரோமீட்டரும் அதே தத்துவம்தான். மால்ட்டுல இருந்து இறக்கின இனிப்புச் சாறுல அதை மிதக்க விட்டா, எவ்வளவு சர்க்கரை கரைஞ்சிருக்குன்னு தெரியும். அந்தச் சர்க்கரைதான் பின்னாடி ஆல்கஹாலா மாறப்போகுது.

1784-ல ஜான் ரிச்சர்ட்சன்ங்கிறவர் இந்தக் கருவியை பியர் தொழிலுக்குன்னே வடிவமைச்சு, எப்படிப் பயன்படுத்தறதுன்னு ஒரு புத்தகமும் வெளியிட்டார். ப்ரூவரிக்காரங்க அளந்து பார்த்தாங்க. அதிர்ச்சி. விலை குறைவுன்னு வாங்கிட்டிருந்த பழுப்பு மால்ட், வெளிர் மால்ட் தர்றதுல சுமார் மூணுல ரெண்டு பங்குதான் சர்க்கரை தருது. அதாவது மலிவுன்னு நினைச்சது உண்மையில மலிவே இல்ல.

அப்புறம் என்ன நடக்கும்? நம்ம ஆபீஸ்ல ஒரு டாஷ்போர்டு வந்தா என்ன நடக்குமோ அதேதான். எல்லாரும் அந்த ஒரு நம்பரை ஏத்த ஓடினாங்க. வெளிர் மால்ட் கூடுச்சு, பழுப்பு மால்ட் குறைஞ்சது. செலவு மிச்சம். ஆனா நிறமும் போச்சு, வறுத்த சுவையும் போச்சு. கருவி சர்க்கரையை மட்டும்தான் அளந்தது. குடிக்கிறவர் கண்ணாலயும் நாக்காலயும்தான் அளந்தார். அவருக்கு போர்ட்டர்னா கறுக்கணும்.

நம்ம ஊர்க் கொடி, லண்டன் பீப்பாய்

இங்கதான் கதை இருட்டாகுது. நெப்போலியனோட நடந்த போர்களால மால்ட் வரி எக்கச்சக்கம். மால்ட்டைக் குறைச்சு, அது இருக்கிற மாதிரி காட்டினா லாபம். நிறத்துக்குக் கருக்கின சர்க்கரை. சுவைக்கு அதிமதுரம். இதெல்லாம்கூட பரவாயில்ல. போதைக்கும் கசப்புக்கும் சேர்த்த பொருள்கள்ல ஒண்ணுக்கு லண்டன் சந்தையில ‘காக்குலஸ் இண்டிகஸ்’னு பேர். பேர்லயே இந்தியா இருக்கு பாருங்க.

தமிழ்ல அதுக்குப் பேர் காக்காய்க்கொல்லி. நம்ம பக்கத்துக் காடுகள்ல படர்ற ஒரு கொடியோட விதை. குளத்துல கலந்து மீனை மயக்கிப் பிடிக்கவும், பேருக்கேத்த மாதிரி காக்காயைக் கொல்லவும் பயன்பட்ட சரக்கு. அதுல இருக்கிற பிக்ரோடாக்ஸின் நரம்பு மண்டலத்தைத் தாக்கற விஷம், வலிப்பு வரவைக்கும்.

1820-ல ஃப்ரெட்ரிக் அக்கும்ங்கிற வேதியியலாளர், உணவுக் கலப்படத்தைப் பத்தி லண்டன்ல ஒரு புத்தகம் வெளியிட்டார். பியர்ல இந்த விதை கலக்கறதைச் சொன்னதோட நிக்காம, கலப்பட வழக்குகள்ல தண்டிக்கப்பட்டவங்க பேர்களையும் அச்சுல போட்டார்.

இதுல எனக்கு முக்கியமாப் படற விஷயம் ஒண்ணு. நாள் முழுக்க மூட்டை சுமந்தவர் ஒரு வாய் குடிக்கிறார். கசப்பு தெரியுது, தலை சுத்துது, கறுப்பா இருக்கு. அவரோட மூணு சோதனையிலயும் அந்த பியர் பாஸ். நாக்கு பொய் சொல்லல. நாக்கு எதைத் தேடும்னு கலப்படக்காரருக்குத் தெரிஞ்சிருந்தது, அவ்வளவுதான்.

1816-ல பிரிட்டிஷ் அரசு ஒரு சட்டம் போட்டது: பியர்ல மால்ட்டும் ஹாப்ஸும் தவிர வேற எதுவும் கூடாது. அடுத்த வருஷமே, 1817-ல, டேனியல் வீலர் ஒரு காப்புரிமை வாங்கினார். காபிக்கொட்டை வறுக்கற மாதிரி, சுழலும் உருளைக்குள்ள மால்ட்டைப் போட்டு கரியாகாம கறுக்க வறுக்கற முறை. இந்தக் கறுப்பு மால்ட்டைக் கொஞ்சம் சேர்த்தாலே பீப்பாய் முழுக்க நிறம். மிச்சமெல்லாம் லாபகரமான வெளிர் மால்ட். மால்ட்தானே, சட்டத்துக்கும் சரி.

இன்னைக்கு ஸ்டௌட்னு சொன்னதும் நினைவுக்கு வர்ற அந்தக் காபி வாசனையும், கருகலுக்கு ஒரு நூல் முன்னாடி நிக்கிற கசப்பும் இந்த வழியா வந்ததுதான். அதை ருசிக்காக மட்டும் யாரும் தேடிப் போகல. ஒரு அளவுகோல், ஒரு வரி, ஒரு சட்டம், மூணும் சேர்ந்து அதை உருவாக்குச்சு.

டப்ளின்ல ஒரு ‘ஸ்டூடன்ட்’

அடுத்த திருப்பம் அயர்லாந்துல. 1899-ல வில்லியம் சீலி காசெட்ங்கிற இளைஞர் டப்ளின் கின்னஸ் ப்ரூவரியில வேலைக்குச் சேர்ந்தார். ஆக்ஸ்ஃபோர்டுல வேதியியலும் கணிதமும் படிச்சவர். பிரச்சினை இதுதான்: இந்த பார்லி நல்லதா, அந்த ஹாப்ஸ் நல்லதான்னு முடிவு பண்ணணும். ஆனா கையில இருக்கிறது ஒரு சில மாதிரிகள்தான். அன்னைக்கு இருந்த புள்ளியியல் கணக்கெல்லாம் நூத்துக்கணக்குல தரவு இருந்தாத்தான் நம்பகமா வேலை செய்யும்.

காசெட் சின்ன மாதிரிகளுக்குன்னே ஒரு கணக்கைக் கண்டுபிடிச்சார். 1908-ல அது ஆய்விதழ்ல வந்தது, ஆனா அவர் பேர்ல இல்ல. ஊழியர்கள் சொந்தப் பேர்ல ஆய்வு வெளியிட கம்பெனி விடாததால ‘ஸ்டூடன்ட்’ங்கிற புனைபெயர்ல. இன்ஜினியரிங் படிச்ச எல்லாருக்கும் இந்த ‘ஸ்டூடன்ட்’டைத் தெரியும். செமஸ்டர்ல நாம மனப்பாடம் பண்ணின டி-டெஸ்ட் அவரோடதுதான். நீங்க ஆபீஸ்ல ஓட்டற ஏ-பி டெஸ்ட்டோட வேர்ல ஒண்ணு ஒரு ஸ்டௌட் ப்ரூவரிக்குள்ள இருக்கு.

காசெட்கிட்ட எனக்குப் பிடிச்சது அவரோட நிதானம். ‘எவ்வளவு உறுதியா இருந்தா போதும்?’ங்கிறதுக்கு எல்லா இடத்துக்கும் பொருந்தற ஒரே நம்பர் கிடையாது, தப்பானா எவ்வளவு நஷ்டம்ங்கிறதைப் பொறுத்ததுன்னு அவர் நினைச்சார்.

மூணு கிளாஸ்

1940-கள்ல இந்தக் கணக்கு நாக்குக்கே வந்தது. டென்மார்க்கோட கார்ல்ஸ்பெர்க் ப்ரூவரியில உருவான முக்கோணச் சோதனை. மூணு கிளாஸ் வைப்பாங்க. ரெண்டுல ஒரே பியர், ஒண்ணுல வேற. எது வித்தியாசமானதுன்னு சொல்லணும். ‘பிடிச்சிருக்கா?’ங்கிற கேள்வியே கிடையாது. ‘உனக்கு வித்தியாசம் தெரியுதா?’ அவ்வளவுதான்.

குருட்டாம்போக்குல சொன்னாலே மூணுல ஒரு தடவை சரியாகும். 12 பேர் உட்கார்ந்தா, அதிர்ஷ்டத்துலயே சராசரியா 4 பேர் சரியா சொல்வாங்க. வித்தியாசம் நிஜம்னு ஒத்துக்க வழக்கமான 5 சதவீத அளவுகோல்ல குறைஞ்சது 8 பேர் சரியா சொல்லணும். 7 பேர் போதாது. ‘ரெசிப்பி மாத்திட்டாங்க மச்சி, பழைய டேஸ்ட் இல்ல’ன்னு சொல்ற நண்பனை இந்த மேஜையில உட்கார வச்சுப் பாருங்க.

மறுபடியும் நாக்கு

ஆனா முக்கோணச் சோதனைக்கு ஒரு எல்லை இருக்கு. வேற மாதிரி இருக்குன்னு சொல்லும், நல்லா இருக்குன்னு சொல்லாது. அந்தக் கேள்வியை மறுபடி மேஜைக்குக் கொண்டுவந்தது கிராஃப்ட் பியர் அலை.

1978-ல அமெரிக்க அதிபர் கார்ட்டர் வீட்டுல பியர் தயாரிக்கறதைச் சட்டபூர்வமாக்கற மசோதாவுல கையெழுத்துப் போட்டார். 1980 நவம்பர்ல கலிஃபோர்னியாவோட சிக்கோ நகரத்துல சியரா நெவாடா ப்ரூவரி தயாரிச்ச முதல் பேட்ச் ஒரு ஸ்டௌட். போட்டிகள் பெருக, நடுவர்களுக்குப் பயிற்சியும் தேர்வும் வேணும்னு 1985-ல பி.ஜே.சி.பி.ங்கிற அமைப்பு வந்தது.

அவங்க மார்க் ஷீட் மொத்தம் 50. வாசனைக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில உணரற கனத்துக்கும் மிருதுத்தன்மைக்கும் 5, ஒட்டுமொத்தமா 10. தோற்றத்துக்கு வெறும் 3! அன்னைக்கு லண்டன்ல எந்தக் கறுப்புக்காக இவ்வளவும் நடந்ததோ, அதுக்கு இன்னைக்கு மதிப்பு அவ்வளவுதான். நடுவர்களுக்கு பிராண்ட் தெரியாது. ஒவ்வொருத்தரும் முதல்ல தனியா எழுதணும், அப்புறம்தான் பேசணும்.

இன்னொரு விதி: எந்த வகையில போட்டியிடுதுங்கிறதைப் பார்த்துத்தான் மார்க். ஐரிஷ் ஸ்டௌட்ல இனிப்பு தூக்கலா இருந்தா குறை. அதே இனிப்பு ட்ராபிக்கல் ஸ்டௌட்ல இருக்க வேண்டிய குணம். அந்த வகைக்கு அவங்க வழிகாட்டி தர்ற உதாரணங்கள்ல இலங்கையோட லயன் ஸ்டௌட் ஒண்ணு.

அப்போ அந்த முதல் கிளாஸுக்கு வருவோம். ஐஸ் மாதிரி குளிரக் குடிக்காதீங்க, குளிர் எல்லாத்தையும் மூடிடும். ஊத்தினதும் முதல்ல முகருங்க, வாசனை சீக்கிரம் பறந்துடும். காபி, டார்க் சாக்லேட் வாசனை வரலாம். நனைஞ்ச அட்டை வாசனை வந்தா பியர் பழசாகி காத்து பட்டிருக்கு. அப்புறம் குடிச்சுப் பாருங்க.

இங்க நமக்கு ஒரு சாதகம் இருக்கு. அறுசுவைன்னு எண்ணும்போதே நாம கசப்பையும் துவர்ப்பையும் தனித்தனியா வச்சிருக்கோம். வறுத்த மால்ட்டோட கசப்பு, நல்ல டிகாக்‌ஷன் கசப்பு மாதிரி, வந்து தெளிவா விலகிடும். ரொம்ப நேரம் கொதிச்ச டீ மாதிரி நாக்கைப் பிடிச்சு இழுத்தா அது துவர்ப்பு. லேசா இருந்தா ஸ்டௌட்டுக்குச் சரி, வாயே வறண்டு போனா குறை. ‘ரோபஸ்ட்’ங்கிற லேபிள் பல நேரம் இந்தக் குறைக்குத்தான் போர்வை ஆகுது.

என் முடிவு இதுதான். நாக்கை ஏமாத்தலாம், காக்காய்க்கொல்லி ஏமாத்துச்சு. நம்பரும் பாதை மாத்தும், ஹைட்ரோமீட்டர் மாத்துச்சு. லேபிளை மறைச்சுட்டு நாக்கை வேலை செய்ய விடறதும், அது சொல்றதைக் கணக்கு வச்சு சரிபார்க்கறதும், ரெண்டும் சேர்ந்தாத்தான் ஓரளவு நம்பலாம்.

இப்போ வீட்டுப்பாடம். மூணு டம்ளர், ரெண்டு பிராண்ட் காபித்தூள், ஒரே பால், ஒரே சர்க்கரை. ரெண்டு டம்ளர்ல ஒரே காபி, ஒண்ணுல மட்டும் வேற. ‘எங்க வீட்டுத் தூளை எங்க இருந்தாலும் கண்டுபிடிப்பேன்’னு சொல்றவங்க கண்ணைக் கட்டிட்டுக் கொடுங்க. ஒரு தடவை போதாது, ஆறு தடவையாவது பண்ணுங்க. ஸ்கோரை எனக்கு அனுப்புங்க.

அடுத்த எபிசோட்ல 1814 அக்டோபர் 17. லண்டன்ல ஒரு ப்ரூவரியோட ராட்சத போர்ட்டர் தொட்டி உடைஞ்சு தெருவுல பியர் வெள்ளம், எட்டு பேர் பலி. அது வேற கதை. அதுவரைக்கும், பார்த்துக்கோங்க மக்களே.