'வைஸ்ராய்' என்று பெயர் வாங்கிய தூதர்

போன வாரம் பழைய மாணவர் ஒருவர், "சார், ஒரு நாட்டுத் தூதர் இன்னொரு நாட்டை அதட்ட முடியுமா?" என்று கேட்டார். வகுப்பில் நான் நடத்தாத பாடம். இங்கே எழுதுகிறேன்.

1985 முதல் 1989 வரை கொழும்பில் நம் தூதர் ஜே.என்.தீட்சித். சென்னையில் பிறந்தவர். (காமன்வெல்த் நாடுகளுக்குள் தூதருக்கு ஹை கமிஷனர் என்று பெயர், இலங்கைத் தமிழர் 'உயர் ஸ்தானிகர்' என்பார்கள்.) கொழும்பில் அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'வைஸ்ராய்'. அவர் பேச்சின் தோரணை அப்படி.

தோரணைக்குப் பின்னால் படைபலமும் இருந்தது. 1987 ஜூன் 4 அன்று நம் விமானப்படையின் ஐந்து ஏஎன்-32 விமானங்கள், மிராஜ் போர் விமானங்கள் காவலுக்கு வர, யாழ்ப்பாணத்தில் உணவுப் பொட்டலங்களைப் போட்டன. கொழும்பிடம் அனுமதி கேட்கவில்லை, தகவல்தான் சொன்னோம். பிள்ளையார்பாளையத்தில் தறி வீடுகளில் ரேடியோவைச் சுற்றிக் கூட்டம். கைதட்டியவர்களில் நானும் ஒருவன்.

ஜூலை 29 அன்று கொழும்பு ஊரடங்கில் கிடக்க, ராஜீவும் ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். கூடவே மாற்றிக்கொண்ட கடிதங்களில் திருகோணமலைத் துறைமுகம் மட்டுமா, இலங்கையிலிருந்து ஒலிபரப்பும் வெளிநாட்டு வானொலிகளும் இடம்பெற்றன. மறுநாள் அணிவகுப்பு மரியாதையில் ஒரு கடற்படைச் சிப்பாய் துப்பாக்கிக் கட்டையால் ராஜீவை அடித்தான்.

அமைதி காக்கப் போன நம் படை, அக்டோபர் 10 அன்று யாழ்ப்பாணத்தில் 'ஈழமுரசு', 'முரசொலி' இரண்டு நாளிதழ்களின் அச்சகங்களையும் வெடி வைத்துத் தகர்த்தது. (இந்த முரசொலி வேறு, நம் ஊர்க்காரர்கள் குழம்ப வேண்டாம்.) புலிகளுடனான போர் தொடங்கிய நேரம் அது. அவை புலிகளுக்குச் சாதகமாக எழுதின என்பது படையின் தரப்பு. இருக்கட்டும், அச்சு இயந்திரம் எந்தக் கட்சி? உத்தரவு தீட்சித்துடையது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த மண்ணில் இந்தியாவின் குரல் அவர்தான்.

அதே ஆண்டு ஏப்ரலில், அட்டைப்பட நகைச்சுவை ஒன்றுக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் பாலசுப்பிரமணியனுக்குச் சட்டமன்றம் மூன்று மாதச் சிறை விதித்தது. பத்திரிகை உலகம் கொதித்தது, மூன்றே நாளில் விடுதலை. எங்கள் ஆசிரியர் அறையிலும் அன்று பெரிய வாக்குவாதம். பாட மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. அக்டோபரில் அதே அறையில் தீபாவளி முன்பணம் எப்போது வரும் என்று பேசிக்கொண்டிருந்தோம்.